‘முடித்திருப்பேன்’ என்பதைப் பிரெஞ்சில் எழுதும்போது நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழியும்

ராமநாதபுரத்தில் மாலை வேளைகளில் என்னிடம் பிரெஞ்சு கற்க வருபவர்களில் பாதிப்பேர் பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள். பிரெஞ்சு மொழித்திறனைச் சோதிக்கும் டெல்ஃப் தேர்வின் இடைநிலையான பி1 நிலைக்கு அவர்கள் தயாராகும் மாதங்களில், என் சிவப்பு மை மிகுதியாகச் செலவாகும் இடம் ‘ஃப்யுத்யூர் ஆன்தெரியேர்’ என்னும் வினைக்காலம்தான். வரப்போகும் ஒரு நேரத்துக்கு முன்பே முடிந்துவிட்டிருக்கும் செயலைச் சொல்வதற்கு அந்தக் காலம் பயன்படுகிறது. தமிழில் ‘செய்திருப்பேன்’, ‘வந்திருப்பார்’ என்று நாம் அன்றாடம் சொல்வதற்கு நேராக அது நிற்பதால், முதல் வகுப்பில் எல்லோருக்கும் எளிதாகத் தோன்றுகிறது. இரண்டாம் வகுப்பிலிருந்து பிழைகள் வரத் தொடங்குகின்றன. திருத்தித் திருத்தி நான் கண்டது, இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை நினைவுக்குறைவால் வருவன அல்ல என்பதே. நம்முடைய ‘இருப்பேன்’ ஒற்றை ஆளாக நின்று பார்க்கும் வேலைகளைப் பிரெஞ்சு வெவ்வேறு வடிவங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எந்த வேலைக்கு எந்த வடிவம் என்று பார்க்காமல் ‘இருப்பேன்’ என்பதை அப்படியே தூக்கி வைக்கும்போதுதான் வாக்கியம் பிசகுகிறது. ஆகவே இலக்கண நூலின் வரிசையைப் பின்பற்றாமல், பிழை எந்தத் தோற்றத்தில் கண்ணில் படுகிறதோ அந்தத் தோற்றத்தை வைத்தே இங்கே வழி சொல்கிறேன்.

பிரெஞ்சுச் சொற்களை அவற்றின் ஒலிப்பை ஒட்டித் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடத்தில் எழுத்தின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நம் எழுத்தில் எழுதினால் மீனும் நஞ்சும் ஒன்றுபோல ‘புவாஸோன்’ என்றே ஆகிவிடும். பிரெஞ்சில் மீனுக்கு இரண்டு ‘எஸ்’, நஞ்சுக்கு ஒன்று. கடற்கரைக்காரர்கள் இதை மறக்கக் கூடாது.

முதலில் பழுதில்லாத வாக்கியம் ஒன்றைப் பார்த்து வைத்துக்கொள்வோம். நம் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாள்களில்தான் படகுகள் கரையேற்றப்பட்டுப் பழுதுபார்க்கப்படுகின்றன. “ஜூன் 14-க்குள் நாங்கள் படகைப் பழுதுபார்த்திருப்போம்” என்பது பிரெஞ்சில் “தீசி லெ கத்தோர்ஸ் ஜுவேன், நூஸ் ஓரோன் ரேபாரே லெ பத்தோ” என்று வரும். இதில் ‘ஓரோன்’ என்பது ‘அவ்வார்’ என்னும் துணைவினையின் எதிர்கால வடிவம். ‘ரேபாரே’ என்பது முதன்மை வினையின் பார்த்திசிப் வடிவம், அதாவது துணைவினையோடு சேர்ந்து முடிந்த செயலைக் காட்டும் வடிவம். துணைவினை எதிர்காலத்தில் நிற்க, பார்த்திசிப் அதன் பின்னால் வர, காலம் அமைந்துவிடுகிறது. ‘அவ்வார்’ எதிர்காலத்தில் ஜோரே, த்யூ ஓரா, இல் ஓரா, நூஸ் ஓரோன், வூஸ் ஓரே, இல்ஸ் ஓரோன் என்று திரியும். மற்றொரு துணைவினையான ‘எத்ர்’ ஜெ ஸெரே, த்யூ ஸெரா, இல் ஸெரா, நூ ஸெரோன், வூ ஸெரே, இல் ஸெரோன் என்று திரியும். இந்தப் பன்னிரண்டு வடிவங்களும் நாவில் ஏறாதவர்கள் மேற்கொண்டு படிப்பதை நிறுத்திவிட்டு அவற்றை முதலில் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. கீழே சொல்லும் சோதனைகள் அனைத்தும் இவற்றை வைத்தே நடக்கின்றன.

முதல் அறிகுறி: எந்த வினையானாலும் ‘ஸெரே’ என்றே எழுத வருகிறது

“எட்டு மணிக்கு முன் நான் சாப்பிட்டிருப்பேன்” என்பதை மொழிபெயர்க்கச் சொன்னால், வகுப்பில் ஒருவராவது “அவான் உயித் ஏர், ஜெ ஸெரே மான்ஜே” என்று எழுதாமல் விடுவதில்லை. இதைப் படிக்கும் பிரெஞ்சுக்காரர், எட்டு மணிக்கு முன் இந்தப் பிள்ளையை யாரோ தின்றுவிடப் போகிறார்கள் என்றே புரிந்துகொள்வார். மன்னார் வளைகுடாவில் சுறாவுக்குப் பஞ்சமில்லை என்றாலும், எழுதியவர் சொல்ல வந்தது அதுவன்று.

காரணம் தெளிவானது. தமிழில் வந்திருக்கிறேன், பார்த்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன் என எல்லா வினைகளுக்கும் ‘இரு’ ஒன்றே துணையாக வருகிறது. ‘எத்ர்’ என்பதற்கு ‘இரு’ என்று முதல் நாளே பொருள் சொல்லிக்கொடுத்துவிட்டதால், மாணவரின் கை தானாகவே அங்கே போகிறது. பிரெஞ்சிலோ, செயப்படுபொருள் ஏற்கும் வினையின் பார்த்திசிப்புக்கு முன் ‘எத்ர்’ வந்தால் அது செயப்பாட்டு வினை. “லெ பத்தோ ஸெரா ரேபாரே” என்றால் “படகு பழுதுபார்க்கப்படும்” என்பதே பொதுவான பொருள். படகு ‘பழுதுபார்க்கப்பட்டிருக்கும்’ என்று சொல்ல வேண்டுமானால் “லெ பத்தோ ஓரா ஏதே ரேபாரே” என்று ‘அவ்வார்’ துணையோடு ‘ஏதே’ என்னும் பார்த்திசிப்பையும் சேர்க்க வேண்டும்.

சரிசெய்யும் வழி இது. ஐயம் வந்தால் அதே வினையை இறந்தகாலத்தில், அதாவது ‘பாஸே கொம்போஸே’ வடிவத்தில், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “சாப்பிட்டேன்” என்பது “ஜே மான்ஜே”. அங்கே நிற்பது ‘அவ்வார்’. “வந்தேன்” என்பது “ஜெ ஸுயி வென்யூ”; அங்கே நிற்பது ‘எத்ர்’. இறந்தகாலத்தில் எந்தத் துணைவினை நிற்கிறதோ அதுவே எதிர்காலத்துக்கும் வரும்; இந்த விதிக்கு விலக்கே இல்லை. எனவே சாப்பிட்டிருப்பேன் “ஜோரே மான்ஜே” ஆகிறது, வந்திருப்பேன் “ஜெ ஸெரே வென்யூ” ஆகிறது.

‘எத்ர்’ ஏற்கும் வினைகள் ஒரு சிறு கூட்டம்தான். போதல், வருதல், வந்துசேர்தல், புறப்படுதல், நுழைதல், வெளியேறுதல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல், தங்குதல், விழுதல், பிறத்தல், இறத்தல், ஆகுதல் ஆகியவற்றைக் குறிக்கும் வினைகளும், ‘ஸெ’ என்னும் தற்சுட்டு ஏற்கும் வினைகளும் அந்தக் கூட்டத்தில் அடங்கும். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர்களும் இடறும் மேடு ஒன்று உண்டு. ஏறுதல், இறங்குதல், வெளியேறுதல், வீடு திரும்புதல் போன்றவை, ‘ஏற்றுதல்’, ‘இறக்குதல்’ என்னும் பொருளில் ஒரு பொருளைத் தொட்டு நிற்கும்போது ‘அவ்வார்’ பக்கம் மாறிவிடுகின்றன. “நாங்கள் இறங்கியிருப்போம்” என்பது “நூ ஸெரோன் தேஸான்த்யூ”; “மீன்பெட்டிகளை இறக்கியிருப்போம்” என்பது “நூஸ் ஓரோன் தேஸான்த்யூ லே கெஸ்”. “வெளியே போயிருப்போம்” என்பது “நூ ஸெரோன் ஸொர்தி”. “படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்திருப்போம்” என்பது “நூஸ் ஓரோன் ஸொர்தி லெ பத்தோ தெ லோ”. தமிழர்களுக்கு இது உண்மையில் கடினமாகவே இருக்கக் கூடாது. இறங்கு–இறக்கு, ஏறு–ஏற்று என்று தன்வினையையும் பிறவினையையும் நாம் குழந்தைப் பருவத்திலேயே பிரித்துப் பேசுகிறோம். பிரெஞ்சு அந்த வேறுபாட்டை வினையில் காட்டாமல் துணைவினையில் காட்டுகிறது. தமிழ் வாக்கியத்தில் ‘இறக்கு’ என்று வருகிறதா, ‘இறங்கு’ என்று வருகிறதா என்று பார்த்தாலே துணைவினை எதுவென்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இரண்டாம் அறிகுறி: ‘-க்குள்’ என்று காலக்கெடு இருந்தும் வெறும் எதிர்காலமே எழுதப்படுகிறது

இந்தப் பிழையைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை, ஏனெனில் அவை நம்மை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல. நாம் பேச்சில் “ஆறு மணிக்குள் வலையைச் சரிசெய்துவிடுவேன்” என்றே சொல்கிறோம். “சரிசெய்திருப்பேன்” என்று சொல்வது அரிது. ‘விடுவேன்’ என்பதைக் கேட்ட மாணவர், அதற்கு நேராக எளிய எதிர்காலத்தை, ‘ஜெ ரேபாரெரே’ என்று எழுதிவிடுகிறார். பிரெஞ்சில் ‘தீசி’ என்று கெடுவை முன்வைத்துவிட்டால், அந்தக் கெடு வரும்போது செயல் முடிந்த நிலையில் இருக்கும் என்ற பார்வையே இயல்பாக வருகிறது. ஆகவே “தீசி ஸீஸ் ஏர், ஜோரே ரேபாரே லெ ஃபிலே” என்று எழுத வேண்டும்.

இங்கே தமிழ் வினையைப் பார்க்காமல் காலச்சொல்லைப் பாருங்கள். ‘ஆறு மணிக்கு’ என்றால் செயல் அந்த நேரத்தில் நடக்கிறது. எளிய எதிர்காலம் போதும். ‘ஆறு மணிக்குள்’, ‘அதற்குள்’, ‘நீ வருவதற்குள்’ என்று ‘-குள்’ ஒட்டியிருந்தால், அதன் பின்னால் வருவது ‘விடுவேன்’ ஆயினும் ‘இருப்பேன்’ ஆயினும் பிரெஞ்சில் ஃப்யுத்யூர் ஆன்தெரியேரையே முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கெடு ஏதும் சொல்லாமல் “அவனிடம் சொல்லிவிடுவேன்” என்றால் அது எளிய எதிர்காலம்தான். ‘விடு’ அங்கே உறுதியைக் காட்டுகிறதே தவிர முடிவு நேரத்தைக் காட்டவில்லை.

மூன்றாம் அறிகுறி: ‘-ததும்’, ‘-தவுடன்’, ‘-தபிறகு’ வரும் இடத்தில் இறந்தகாலம் புகுந்துவிடுகிறது

எண்ணிக்கையில் மிகுந்த பிழை இதுவே; எனவே இங்கே சற்று நின்று பார்ப்போம். “காற்று அடங்கியதும் கிளம்புவோம்” என்பது கச்சான் காற்று வீசும் மாதங்களில் எந்தக் கரையிலும் கேட்கும் பேச்சு. மாணவர் எழுதுவது “தெ கெ லெ வான் ஏ தோம்பே, நூ பார்திரோன்”. ‘அடங்கிய’ என்பது இறந்தகாலப் பெயரெச்சம். அதற்கேற்ப அவர் இறந்தகாலம் போட்டிருக்கிறார். தமிழைக் கவனமாகப் பார்த்தவரே இந்தப் பிழையைச் செய்கிறார் என்பதால் எனக்கு அவர்மீது கோபம் வருவதில்லை.

தமிழில் அந்த ‘அடங்கிய’ என்பது பேசுகிற இந்தக் கணத்துக்கு இறந்தகாலம் அன்று. கிளம்பும் கணத்துக்கு இறந்தகாலம். காற்று இன்னும் அடங்கவில்லை என்பது பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். தமிழ் எச்சங்கள் தம் காலத்தை வாக்கியத்தின் முற்றுவினையிலிருந்து அளந்துகொள்கின்றன. பிரெஞ்சில் துணை வாக்கியத்தின் வினையும் முழு வினைமுற்றாக நிற்பதால், அது பேசும் கணத்திலிருந்து எதிர்காலம் என்பதையும், கிளம்புவதற்கு முன் முடிந்தது என்பதையும் ஒருங்கே காட்டியாக வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதற்கென்றே அமைந்த வடிவம்தான் ஃப்யுத்யூர் ஆன்தெரியேர்: “தெ கெ லெ வான் ஸெரா தோம்பே, நூ பார்திரோன்”. ‘விழுதல்’ என்னும் வினை இங்கே காற்று அடங்குவதைக் குறிக்கிறது. அது ‘எத்ர்’ கூட்டத்தைச் சேர்ந்தது.

ஆங்கிலவழியில் படித்தவர்கள் இதே இடத்தில் நிகழ்காலம் எழுதுவார்கள். நோய் வேறு, மருந்து ஒன்றே.

‘கான்’, ‘லொர்ஸ்கெ’, ‘தெ கெ’, ‘ஓஸிதோ கெ’, ‘அப்ரெ கெ’, ‘யூன் ஃப்வா கெ’ ஆகிய, ‘-போது’, ‘-தவுடன்’, ‘-தபிறகு’ என்னும் பொருள்களைத் தரும் இணைப்புச் சொற்களில் ஒன்று வந்து, முதன்மை வாக்கியம் எதிர்காலத்தில் இருந்தால், உடனே தமிழில் ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்தத் துணை வாக்கியம் தமிழில் ‘-ததும்’, ‘-தவுடன்’, ‘-தபின்’ என்று முடிந்தால் ஃப்யுத்யூர் ஆன்தெரியேர்; ‘-போது’ என்று முடிந்தால் எளிய எதிர்காலம். “தனுஷ்கோடியில் இருக்கும்போது இரண்டு கடலையும் பார்ப்போம்” என்பதில் இரு செயல்களும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. எனவே “கான் நூ ஸெரோன் ஆ தனுஷ்கோடி, நூ வெரோன் லே தூ மெர்” என்று இரண்டும் எளிய எதிர்காலத்தில் நிற்கும். இங்கே வரும் ‘ஸெரோன்’ துணைவினை அன்று, தனி வினை. அதன் பின்னால் பார்த்திசிப் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பாடம் புரிந்தவுடன் சிலர் மறுகோடிக்குப் போய், முதன்மை வாக்கியத்திலும் அதே காலத்தை எழுதிவிடுவார்கள்: “தெ கெ லெ வான் ஸெரா தோம்பே, நூ ஸெரோன் பார்தி”. காற்று அடங்கியவுடன் பார்த்தால் நாங்கள் ஏற்கெனவே போய்விட்டிருப்போம் என்று இது குழப்பமான பொருள் தரும். செயல்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போடுங்கள். ஒன்று என்ற எண் பெறுவதற்கு மட்டுமே இந்தக் காலம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் எழுவாய் ஒன்றாகவே இருந்தால் நாம் பெரும்பாலும் வினையெச்சத்தால் கோத்துவிடுவோம்: “மீனை விற்றுவிட்டுத் தங்கச்சிமடம் திரும்புவேன்.” இதற்கு ‘அப்ரெ கெ’ என்று தொடங்கி முழு வாக்கியம் எழுதினால் பிழையில்லை, ஆனால் கனமாக இருக்கும். பிரெஞ்சும் அங்கே ஏறத்தாழ வினையெச்சம் போன்ற வடிவத்தையே விரும்புகிறது: “அப்ரெ ஸவ்வார் வான்த்யூ லெ புவாஸோன், ஜெ ரான்த்ரெரே ஆ தங்கச்சிமடம்.” எழுவாய் மாறும்போது, அதாவது “அப்பா மீனை விற்றபிறகு நான் திரும்புவேன்” என்னும்போது, ஃப்யுத்யூர் ஆன்தெரியேர் இன்றியமையாததாகிறது. தமிழ் வாக்கியத்தில் ‘விட்டு’ என்று கோக்க முடியுமானால் பிரெஞ்சிலும் கோத்துவிடலாம் என்று நான் சொல்லிக்கொடுப்பதுண்டு.

‘முன்’ என்பது இதற்கு நேர்மாறான பக்கம். “இருட்டும் முன் திரும்பியிருப்போம்” என்பதில் திரும்புதலே முதலில் முடிகிறது, ஆகவே அந்தக் காலம் முதன்மை வாக்கியத்துக்குப் போய்விடும், ‘முன்’ என்னும் பொருள் தரும் ‘அவான் கெ’ தன் பின்னால் ஸுப்ஜோன்க்திஃப் என்னும், இன்னும் உறுதியாகாததைக் காட்டும் வினைவடிவத்தைக் கேட்கும்: “நூ ஸெரோன் ரான்த்ரே அவான் கில் ஃபாஸ் நுயி.” ‘அவான் கெ’ என்பதன் பின்னால் ஃப்யுத்யூர் ஆன்தெரியேர் எழுதியிருந்தால் தயங்காமல் அடித்துவிடலாம்.

நான்காம் அறிகுறி: ‘நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’ என்பதில் ‘ஸெரே’ சரியா தவறா என்று தெரியவில்லை

காதுக்குச் சரி, தாளில் தவறு. நடக்காமல் போனதைச் சொல்லும் ‘வந்திருப்பேன்’ ஃப்யுத்யூர் ஆன்தெரியேர் அன்று. அது ‘கோன்திசியோனெல் பாஸே’. “ஸி த்யூ மெ லவே தீ, ஜெ ஸெரே வென்யூ” என்று எழுதும்போது அந்த ‘ஸெரே’ என்பதன் இறுதியில் ‘எஸ்’ என்ற எழுத்து இருக்க வேண்டும். எதிர்கால ‘ஸெரே’யில் அது இருக்காது. இரண்டின் கடைசி உயிரொலியும் பழைய ஒலிப்பு முறையில் சிறிது வேறுபடும் என்றாலும், பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் இரண்டையும் ஒன்றாகத்தான் ஒலிக்கிறார்கள். காதை நம்பிப் பயனில்லை.

இரண்டு சோதனைகள் உள்ளன. முதலாவது தமிழிலேயே முடிந்துவிடும்: வாக்கியத்தின் பின்னால் “ஆனால் வரவில்லை” என்று சேர்த்துப் பாருங்கள். பொருந்தினால் கோன்திசியோனெல். “நாளை மாலைக்குள் வந்திருப்பேன், ஆனால் வரவில்லை” என்பது உளறலாகும். எனவே அது ஃப்யுத்யூர் ஆன்தெரியேர். இரண்டாவது சோதனை எழுத்துக்கூட்டலுக்கானது: ‘நான்’ என்பதை ‘அவன்’ என்று மாற்றுங்கள். எதிர்காலமானால் “இல் ஸெரா வென்யூ”, கோன்திசியோனெலானால் “இல் ஸெரே வென்யூ”. ‘ரா’ என்று வாய் திறந்தால் தன்மையில் ‘எஸ்’ வேண்டாம்; ‘ரே’ என்றே நின்றால் ‘எஸ்’ வேண்டும். தேர்வறையில் மூன்று நொடியில் செய்துவிடலாம்.

ஐந்தாம் அறிகுறி: ‘ஸி’ என்பதன் பின்னால் இந்தக் காலம் வந்திருக்கிறது

நிபந்தனையைச் சொல்லும் ‘ஸி’ தன் பக்கத்தில் எதிர்காலம் எதையும் அனுமதிப்பதில்லை. “நாளைக்கு முன் நீ வலையைச் சரிசெய்திருந்தால் கிளம்புவோம்” என்பதை “ஸி த்யூ ஆ ரேபாரே லெ ஃபிலே அவான் தெமேன், நூ பார்திரோன்” என்று பாஸே கொம்போஸேயில்தான் எழுத வேண்டும். ‘த்யூ ஓரா’ என்பது இங்கே நிற்காது. ‘கான்’ என்பதன் பின்னால் எதிர்காலத்தை வற்புறுத்தும் மொழி, ‘ஸி’ என்பதன் பின்னால் அதை விலக்குவது ஏன் என்று கேட்கும் மாணவருக்கு, வரும் என்று உறுதியாக எதிர்பார்ப்பதற்கும் வந்தால் பார்க்கலாம் என்பதற்கும் உள்ள வேறுபாடு என்றே விடை சொல்லிவருகிறேன்.

விலக்கு ஒன்று மட்டும் உண்டு. “அவன் முடித்திருப்பானா என்று தெரியவில்லை” என்பதில் உள்ள ‘ஸி’ நிபந்தனை அன்று, வினா: “ஜெ நெ ஸே பா ஸில் ஓரா ஃபினி.” தமிழில் ‘-ஆல்’ வந்தால் கூடாது, ‘-ஆ என்று’ வந்தால் கூடும்.

ஆறாம் அறிகுறி: படித்த பகுதியில் நடந்துமுடிந்த செய்திக்கு இந்தக் காலம் வந்திருக்கிறது, பொருள் பிடிபடவில்லை

இது எழுதுவதில் வரும் பழுது அன்று, படிப்பதில் வரும் பழுது. “இல் ஓரா மான்கே லெ த்ரேன்” என்ற வாக்கியத்தைப் பார்த்துவிட்டு, “அவர் எதிர்காலத்தில் ரயிலைத் தவறவிடுவார்” என்று விடை எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பலர். அத்தனை பேரும் வீட்டில், வர வேண்டியவர் வராதபோது, “வண்டியை விட்டிருப்பார்” என்று சொல்கிறவர்கள்தாம். நடந்ததை ஊகித்துச் சொல்லும் அந்த ‘இருப்பார்’ பிரெஞ்சிலும் அப்படியே இருக்கிறது. நம் மொழி மற்ற இடங்களில் நம்மை இடறவிட்டாலும், இந்த ஓர் இடத்தில் கைப்பிடித்து அழைத்துப்போகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது நட்டம். வாக்கியத்தில் வருங்காலத்தைச் சுட்டும் சொல் எதுவும் இல்லாமல், முன்னால் ஏதோ ஒன்று நடக்கவில்லை அல்லது ஒருவர் வரவில்லை என்ற செய்தி இருந்தால், ‘-இருப்பார்’ என்று தமிழில் படித்துப் பாருங்கள். ஆனால் நீங்களே பேசும்போது இதை அளவோடு வையுங்கள். அன்றாடப் பேச்சில் “இல் ஆ த்யூ மான்கே லெ த்ரேன்”, அதாவது ‘தவறவிட்டிருக்க வேண்டும்’, என்பதே மிகுதியாகக் காதில் விழும்.

செய்தித்தாள் பிரெஞ்சில் இன்னொரு பயன்பாடும் உண்டு. அதற்குத் தமிழ் ‘இருப்பேன்’ உதவாது. முடிந்துபோன ஒன்றைத் திரும்பிப் பார்த்துக் கணக்கு முடிப்பதுபோல எழுதும்போது அவர்கள் இந்தக் காலத்தை எடுக்கிறார்கள். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதை ஒரு பிரெஞ்சுச் செய்தியாளர் எழுதினால், “இல் ஓரா ஃபால்யூ ப்ல்யூ தெ தூஸ் ஆன் பூர் கெ லெ த்ரேன் ரெவியென் ஆ ராமேஸ்வரம்” என்று தொடங்கக் கூடும். “ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்பி வர இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கிறது” என்று நாம் சொல்வோமே தவிர ‘ஆகியிருக்கும்’ என்று சொல்ல மாட்டோம். அவ்வாறே, 1914-இல் தொடங்கி 1964 டிசம்பர்ப் புயலோடு முடிந்த தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பல் இணைப்பைப் பற்றி “ஓரா த்யூரே ஸேன்காந்த் ஆன்”, அதாவது ஐம்பது ஆண்டுகள் நீடித்தது, என்று எழுதுவார்கள். ஊகம் எதுவும் இங்கே இல்லை. ஆண்டுகள் உறுதியாகத் தெரிந்தவை. ‘இல் ஓரா ஃபால்யூ’ என்று ஒரு கட்டுரை தொடங்கினால் அது வரப்போவதைச் சொல்லவில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் இப்படி எழுத வேண்டிய தேவை பி1 நிலையில் இல்லை.

ஏழாம் அறிகுறி: சொல்லும்போது சரியாக இருந்த வாக்கியத்தில் எழுதியபின் சிவப்புக் கோடு விழுகிறது

இது இயைபுப் பிழை. ‘எத்ர்’ துணையாக வந்தால் பார்த்திசிப் எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும்: அவள் புறப்பட்டிருப்பாள் என்றால் இறுதியில் ‘இ’ என்ற ரோமன் எழுத்தும், நாங்கள் புறப்பட்டிருப்போம் என்றால் ‘எஸ்’ என்ற எழுத்தும் சேரும், பெண்கள் மட்டுமே அடங்கிய ‘நாங்கள்’ என்றால் இரண்டும் சேரும். இவை எதுவும் ஒலிக்காது. ‘அவ்வார்’ துணையாக வந்தால் எழுவாயைப் பார்க்க வேண்டாம். செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். “நாங்கள் சரிசெய்திருக்கப்போகும் வலைகள்” என்பதில் வலைகள் முன்னால் வந்துவிட்டன. “லே ஃபிலே கெ நூஸ் ஓரோன் ரேபாரே” என்பதில் ‘ரேபாரே’ இறுதியில் ‘எஸ்’ பெறும். காதால் பிடிக்கக்கூடிய வினை ஒன்று வேண்டுமானால் ‘எழுதுதல்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள்: “ஜோரே ஏக்ரி லா லெத்ர்”, ஆனால் “லா லெத்ர் கெ ஜோரே ஏக்ரித்”. அந்த ‘த்’ ஒலியைக் காது பழகிவிட்டால் மற்றவற்றுக்கும் கண் தானாகவே போகும்.

சொல் வரிசையில் வரும் பிழைகளை இங்கேயே முடித்துவிடலாம். எதிர்மறைச் சொல்லான ‘பா’வும், ‘ஏற்கெனவே’ எனப் பொருள்படும் ‘தேஜா’ போன்ற சிறு வினையடைகளும் துணைவினைக்கும் பார்த்திசிப்புக்கும் நடுவில் நிற்கும்: “ஜெ நோரே பா ஃபினி”, “இல் ஸெரோன் தேஜா பார்தி”. ‘அதை’, ‘அவற்றை’ போன்றவை துணைவினைக்கு முன்னால் ஒட்டும்: “ஜெ லோரே வான்த்யூ”. பார்த்திசிப்புக்குப் பின்னால் ‘பா’ வந்திருந்தால் அது இடம் மாறி வந்தது.

ஒரு குறிப்பேட்டிலிருந்து

தங்கச்சிமடத்து மாணவி ஒருவர், பாரிஸில் இருக்கும் அத்தை மகனுக்கு எழுதுவதாகக் கற்பனை செய்து எழுதிய மூன்று வரிகளை எடுத்துக்கொள்வோம். முதல் வரி: “தீசி லெ கத்தோர்ஸ் ஜுவேன், நூ ரேபாரெரோன் லெ பத்தோ.” ‘பழுதுபார்த்துவிடுவோம்’ என்று நினைத்து எழுதியிருக்கிறார். கெடு முன்னால் நிற்பதால் ‘நூஸ் ஓரோன் ரேபாரே’ என்று மாற்றினேன்.

இரண்டாம் வரி: “தெ கெ நூஸ் அவோன் வான்த்யூ லே க்ரெவெத், ஜெ ஸெரே அஷ்தே லெ பியே.” இறாலை விற்றதும் பயணச்சீட்டு வாங்குவேன் என்பது கருத்து. ஒரே வரியில் மூன்று பழுதுகள் இருக்கின்றன. ‘விற்றதும்’ என்பது இன்னும் நடக்கவில்லை. ‘நூஸ் ஓரோன் வான்த்யூ’ என்று ஆக வேண்டும். சீட்டு வாங்குவது இரண்டாம் எண் செயல். அதற்கு இந்தக் காலமே தேவையில்லை. தேவைப்பட்டிருந்தாலும் ‘எத்ர்’ கூடாது, ஏனெனில் அது “நான் விலைக்கு வாங்கப்படுவேன்” என்ற பொருளுக்கு இழுத்துப்போகும். திருத்திய வடிவம்: “தெ கெ நூஸ் ஓரோன் வான்த்யூ லே க்ரெவெத், ஜஷெத்ரே லெ பியே.” அவருக்கு இந்தத் திருத்தத்தை எழுதிக் கொடுக்காமல், ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன், தானே சரிசெய்துகொண்டு வந்தார்.

மூன்றாம் வரி: “கான் த்யூ அரிவ்ரா ஆ மதுரை, த்யூ மெ தேலேஃபொன்ரா.” மதுரைக்கு வந்ததும் எனக்குத் தொலைபேசியில் கூப்பிடு. ‘-ததும்’ என்று தமிழில் வருவதால் ‘த்யூ ஸெரா அரிவே’ என்றல்லவா இருக்க வேண்டும் என்று பக்கத்தில் அமர்ந்திருந்தவர் கேட்டார். அப்படியும் எழுதலாம். வந்துசேர்தல் ஒரு நொடியில் முடிந்துவிடும் செயலாதலால், அதன் முடிவையும் அடுத்த செயலின் தொடக்கத்தையும் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை; இத்தகைய வினைகளோடு எளிய எதிர்காலத்தையே பிரெஞ்சுக்காரர்கள் பல நேரம் எழுதுகிறார்கள். வந்து, பெட்டியை எடுத்து, வெளியே நின்ற பிறகு கூப்பிடு என்று அழுத்த வேண்டுமானால் ‘ஸெரா அரிவே’ பொருந்தும். அந்த வரியை நான் திருத்தவில்லை.